தில்லிக் குளிரும் கோஸ் குடும்பமும்: வாசகர் கேள்விகள்

தீபாவளி கழிந்ததும் தில்லிச் சந்தைகளில் காலிஃபிளவரும் முள்ளங்கியும் குவியும். கூடவே எனக்கு வரும் கேள்விகளும் குவியும். இந்த முறை வந்தவற்றில் சில.

முட்டைக்கோஸில் உள்ள புழு மூளைக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதிலிருந்து வீட்டில் கோஸே வாங்குவதில்லை. உண்மையா? (வாசகி, கரோல் பாக்)

நோய் உண்மை, பழி மட்டும் தவறான புழுவின் மேல் விழுந்திருக்கிறது. இலைகளுக்கிடையே நெளியும் பச்சைப் புழு ஏதாவது அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். தப்பித்தவறி வாயில் போனாலும் அது மூளைப் பக்கம் எட்டிப் பார்க்காது. மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பை வரவழைப்பது பன்றி நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவரின் குடலில் அது வளர்கிறது. முட்டைகள் அவர் மலத்தோடு வெளியேறுகின்றன. அந்தக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்த காயைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவாதவர் பரிமாறினாலோ முட்டை நம் வயிற்றுக்குள் போய்விடும். சுத்த சைவர்களுக்கும் இந்த நோய் வருவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டை முள்ளங்கியிலும் கொத்தமல்லியிலும்கூட ஒட்டியிருக்கலாம். கோஸை மட்டும் ஒதுக்கி என்ன பயன்? மேல் இலைகள் இரண்டு மூன்றை உரித்து எறியுங்கள். மீதியை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவி, நன்றாகச் சூடேறும்படி சமையுங்கள். பொரியலுக்கும் கூட்டுக்கும் பயப்பட வேண்டாம். தெருவோரக் கடையில் சவ்மீன் நூடுல்ஸ் மேல் தூவித் தரும் பச்சைக் கோஸைத்தான் நான் தொடமாட்டேன்.

பிராக்கோலி கொள்ளை விலை விற்கிறது. அதில்தான் சத்து அதிகமாமே? (வாசகர், ஆர்.கே.புரம்)

சற்று அதிகம்தான். 100 கிராம் பச்சைப் பிராக்கோலியில் வைட்டமின் சி ஏறக்குறைய 90 மில்லிகிராம். நூல்கோலில் 60, காலிஃபிளவரில் 50, முட்டைக்கோஸில் 35 அளவில் இருக்கிறது. ஆனால் தாவரவியல்படி இந்த நான்கும் ஒரே இனம். பிராக்கோலியின் புகழுக்குக் காரணம் சல்ஃபோராஃபேன் என்ற வேதிப்பொருள். 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலலே குழுவினர் அதைப் பிராக்கோலியிலிருந்து பிரித்தெடுத்து, செல்களின் நச்சு நீக்கும் நொதிகளை அது தூண்டுவதைக் காட்டினார்கள்.

அந்தப் பொருள் முழுக்காயில் தயாராக இருப்பதில்லை. காயை நறுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வெளிப்பட்டு அதை உண்டாக்குகிறது. அதிகச் சூட்டில் அந்த நொதி செத்துவிடும். ஆகவே முதலில் நறுக்குங்கள், அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், பிறகு லேசாக வதக்குங்கள். குக்கரில் மூன்று விசில் விட்டு, தண்ணீரையும் வடித்துக் கொட்டினால் வைட்டமின் சி பெருமளவு அதோடு போய்விடும். இன்னொரு வழியும் உண்டு. இதே நொதி பச்சைக் கடுகில் தாராளமாக இருக்கிறது. வெந்த காயில், அடுப்பை அணைத்த பிறகு, கடுகுப் பொடி சிறிது சேர்த்தால் வேலை நடக்கும். பச்சைக் கடுகு அரைத்துவிட்ட தயிர்ப் பச்சடி நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பதுதானே! தாளித்த கடுகுக்கு அந்தச் சக்தி கிடையாது.

அப்படியானால் புற்றுநோய் வராதா? (அதே வாசகர்)

ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் நிறைய உண்டு. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. மருந்தாக நினைக்காமல் காயாகச் சாப்பிடுங்கள்.

எனக்குத் தைராய்டு குறைவு. கோஸ், காலிஃபிளவர் கூடாது என்கிறார்களே? (வாசகி, மயூர் விஹார்)

1928இல் கோஸையே தீனியாகத் தின்ற ஆய்வக முயல்களுக்குக் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், வந்தது. பயம் அங்கிருந்து தொடங்கியது. 2010இல் ஒரு மருத்துவ இதழ் 88 வயது மூதாட்டி ஒருவரைப் பற்றி எழுதியது. மாதக்கணக்கில் தினமும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் சீனக் கோஸைப் பச்சையாகத் தின்று, தைராய்டு அடியோடு குறைந்து நினைவிழந்தவர் அவர். நீங்கள் அயோடின் உப்பு போட்டுச் சமைத்து ஒரு கிண்ணம் பொரியல் சாப்பிடுகிறவர். தாராளமாகச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது காப்பி குடிக்காமல் இருக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறோம். சர்சோன் கா சாக் தரலாமா? (வாசகர், முனிர்கா)

இங்கே மட்டும் எச்சரிக்கை வேண்டும். சர்சோன் கா சாக் என்பது கடுகுக்கீரை மசியல். கடுகுக்கீரையில் வைட்டமின் கே மிக அதிகம். அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். காலிஃபிளவரிலும் முள்ளங்கிக் கிழங்கிலும் குறைவு. மாதம் முழுவதும் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, கல்யாண வீட்டில் ஒரே நாளில் தட்டு நிறைய சாக் சாப்பிடுவதுதான் ஆபத்து. வாரம்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். கீரையின் அளவை மாற்றும்முன் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முள்ளங்கிக் கீரையைக் கடைக்காரர் முறுக்கி எறிந்துவிடுகிறார். சமைக்கலாமா? (வாசகி, கரோல் பாக்)

எறியுமுன் கேட்டு வாங்குங்கள். இளங்கீரையாகப் பார்த்து, மண் போக அலசி, பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள்.