கடவுளுக்கு ஏது திட்டக் கமிஷன்?

கேள்வி: மகனுக்கு வேலை போய்விட்டது. மனைவிக்குப் பித்தப்பையில் கல், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் கட்டடத்தை இடிக்கப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம், 'இதுவும் கடவுளின் திட்டம், நம்பிப் பொறுத்திருங்கள்' என்கிறார்கள். நம்பலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்)

பதில்: கடவுளை நம்ப வேண்டாமென்று சொல்ல நான் யார்? எனக்கு இடிப்பது 'திட்டம்' என்ற சொல்தான்.

நம் பாட்டிமார் வாயில் கடவுளுக்குத் திட்டம் இருந்ததில்லை. தலையெழுத்து இருந்தது, சோதனை இருந்தது, திருவிளையாடல் இருந்தது. சைவர்கள் 'திருவுளம்' என்றார்கள், கிறிஸ்தவர்கள் 'கர்த்தருடைய சித்தம்' என்றார்கள். (இதே பக்கத்தில் 'ஆண்டவன் சித்தம்' என்று நான் எழுதியது ஒருமுறை 'ஆண்டவன் சத்தம்' என்று அச்சானது. குற்றம் என் கையெழுத்தினுடையது என்று பிழை திருத்துபவர் இன்றுவரை சாதிக்கிறார். அவரிடம் நான் பேசுவதில்லை.) உளமும் சித்தமும் மனத்தைச் சேர்ந்தவை. மனம் என்று ஒன்று இருந்தால் அழுது புரளலாம், அது இளகும். திட்டம் என்பது கோப்பு. மதிப்பீடு, டெண்டர், கூடுதல் செலவு. கோப்பின் காலில் விழுந்து யார் அழுவது?

திட்டத்தின் யோக்கியதையும் நமக்குத் தெரியாததா? 1950-இல் நேரு தலைமையில் திட்டக் கமிஷன் வந்தது. மறு வருடமே முதல் ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாவது திட்டத்துக்குள் 1962-இல் சீனா, 1965-இல் பாகிஸ்தான் என்று இரண்டு போர்கள், போதாததற்கு மழையும் பொய்த்தது. 1966-இல் தொடங்கியிருக்க வேண்டிய நான்காவது திட்டம் 1969 வரை தொடங்கவில்லை. இடைப்பட்ட மூன்று வருடங்களுக்குப் பொருளாதார நிபுணர்கள் வைத்த பெயர் 'திட்ட விடுமுறை'. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதற்கும் அது பொருந்தும்போல் இருக்கிறது. கடைசியில் 2015-இல் கமிஷனுக்குப் பதிலாக நிதி ஆயோக் வந்து உட்கார்ந்தது.

சென்ற ஐப்பசியில், என் வீட்டு வாசலில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பலகை. திட்டத்தின் பெயர் இருந்தது, தொகை இருந்தது, தொடங்கிய நாள் இருந்தது. முடியும் நாளுக்கு ஒரு கட்டம் போட்டு, வெறுமையாக விட்டிருந்தார்கள். மாவுக்கட்டோடு படுத்திருந்த என்னைப் பார்க்க ஒரு நண்பர் ஆறு சாத்துக்குடியுடன் வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒன்றை உரித்தார். எனக்காக்கும் என்று நினைத்தேன். சுளை சுளையாகத் தானே தின்றுகொண்டு, 'எல்லாம் கடவுளின் திட்டம்' என்றார். 'இல்லை ஐயா, உள்ளாட்சியின் திட்டம், வெளியே பலகையே இருக்கிறது' என்றேன். அவர் இரண்டாவது பழத்தை எடுத்தார். கிளம்பும்போது தட்டில் மீந்தது ஒன்றரை. கொட்டைகளை என் மருந்துச் சீட்டின் மேல் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்.

ஆண்டவன் உண்மையிலேயே ஓர் அரசாங்கத் திட்டத்தில் வேலை பார்த்த கதை மதுரையில் இருக்கிறது. வைகையில் வெள்ளம், கரை உடைகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட வேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்தவர் சொக்கநாதர். உதிர்ந்த பிட்டுத்தான் கூலி. அதை வாங்கித் தின்றார், ஆடினார், பாடினார், மண்ணைக் கொட்டுவதுபோல் பாவனை செய்தார், பிறகு மர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். திட்டத்தில் இதைவிட அசலான பங்கேற்பை நான் பார்த்ததில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத்தில் மதுரையில் இன்றும் இதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடப்படுவது பிட்டும் பிரம்படியும். கரை எத்தனை அடி உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

'திட்டம்' வேண்டாம். 'அம்'மை எடுத்துவிடுங்கள். 'திட்டு' எஞ்சும். அதற்கு நம்மிடம் பெரிய மரபே இருக்கிறது. தேவாரம் பாடிய சுந்தரர் திருவொற்றியூரில், பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். திருவாரூர் நினைப்பு வந்ததும் கிளம்பினார். எல்லையைத் தாண்டியதுமே இரண்டு கண்ணும் போயின. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. பாதிப் பார்வையுடன் ஆரூர் போய்ச் சேர்ந்தவர், கண் கெட்டதெல்லாம் நன்மைக்கே என்று பாடவில்லை. 'மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே' என்று சிவனிடமே சொன்னார். 'நீர் நன்றாக இரும், ஐயா' என்று பங்காளி வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கும்போது சொல்வோமே, அதே தொனி. தாம் குற்றமே செய்யவில்லை என்றும் அந்தப் பதிகத்திலேயே சாதிக்கிறார். சத்தியத்தை மீறிய மனிதர்! வலக்கண்ணும் வந்துவிட்டது.

பைபிளில், எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருக்கலாம். வாயைத் திறந்து, துன்பத்துக்குக் காரணம் விளக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது கத்திக் கதறிய யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன மூவர் மேல்.

ஆகவே உங்கள் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு வார்த்தை உரக்கக் கேளுங்கள். கடை விஷயத்தில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். இடிக்கிறேன் என்று வாயால் சொன்னதுமே காலி செய்துவிடாதீர்கள். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருகிறேன். உரித்து அவர் கையில் கொடுப்பேன்.