‘சிப் விற்றவரிடம் உரிமம் இருக்கிறது’ என்றால் போதுமா?

கேள்வி: நாங்கள் சிறிய நிறுவனம். சிறு அலுவலகங்களுக்கான வைஃபை ரூட்டரை வடிவமைத்து விற்கிறோம். உள்ளே இருக்கும் சிப் வெளியில் வாங்கியது. சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் ரூட்டர் அவர்களுடைய நான்கு காப்புரிமைகளை (பேடன்ட்) மீறுகிறதாம். விற்பனை விலையில் 1.5 சதவீதம் ராயல்டி தர வேண்டுமாம். 30 நாள் கெடு. சிப் விற்றவரைத் தொலைபேசியில் கேட்டால், “எங்களிடம் உரிமம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்கிறார். நாங்கள் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: தொலைபேசியில் அவர் சொன்னதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. அது உண்மையாகவும், முழு உண்மையாகவும் இருந்தால் நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டியிராது.

காரணம் எளிது. காப்புரிமையாளர் ஒரு பொருளை விற்றுவிட்டால், அல்லது விற்க இன்னொருவருக்கு உரிமம் கொடுத்து அவர் விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மீதான காப்புரிமை அங்கேயே தீர்ந்துபோகிறது. வாங்கியவரைத் துரத்தி வந்து இரண்டாவது முறை வசூலிக்க முடியாது. கணினி உலகில் இதை நிலைநாட்டிய வழக்கு உங்களுடையதைப் போன்றதுதான். எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் தன் காப்புரிமைகளுக்கு இன்டெல்லிடம் உரிமம் கொடுத்திருந்தது. தைவானின் குவான்டா நிறுவனம் இன்டெல்லிடமிருந்து சிப்புகளை வாங்கி, வேறு நிறுவனங்களின் நினைவகத்தோடு சேர்த்துக் கணினி தயாரித்தது. “இன்டெல்லுக்குத் தந்த உரிமம் பிறர் பாகங்களோடு சேர்ப்பதற்குப் பொருந்தாது” என்று எல்ஜி வழக்குப் போட்டது. அப்படி ஓர் அறிவிப்பை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்படி இன்டெல்லிடம் ஒப்பந்தமும் போட்டிருந்தது. 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தது. அந்தச் சிப்புகளைக் கணினியில் பொருத்துவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது; கண்டுபிடிப்பின் சாரம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது; அவற்றை விற்க இன்டெல்லுக்கு இருந்த உரிமையை உரிம ஒப்பந்தம் கட்டுப்படுத்தவும் இல்லை. ஆகவே விற்றதோடு எல்ஜியின் உரிமை தீர்ந்தது.

அப்படியானால் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. உங்கள் விற்பனையாளர் சொன்ன அந்த வாக்கியத்தில் ஓட்டைகள் எங்கே இருக்கலாம் என்று பார்த்துவிடுவோம்.

உரிமம் இருக்கிறது என்பது வேறு. இந்தச் சிப்புக்கு, இந்தக் காப்புரிமைக்கு, இன்றைய தேதியில் இருக்கிறது என்பது வேறு. 2004-இல் இன்டெல்லோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தம் தன்னிடம் இருப்பதாக என்விடியா நம்பியிருந்தது. இன்டெல்லின் அடுத்த தலைமுறைச் செயலிகளில் நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள்ளேயே போய்விட்டது. அத்தகைய செயலிகளை மற்ற பாகங்களோடு இணைக்கும், என்விடியா தயாரிக்கும் சிப்செட்டுகளுக்குப் பழைய உரிமம் செல்லாது என்று 2009-இல் இன்டெல் நீதிமன்றம் போனது. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது சிப்பின் உள்ளமைப்பு மட்டும். 2011 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. என்விடியாவின் தொழில்நுட்பத்துக்கான உரிமத்தையும் உள்ளடக்கிய அந்த உடன்பாட்டில், ஆறு ஆண்டுகளில் 150 கோடி டாலர் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. இரண்டு பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர் படைகளே ஒரே காகிதத்தை இரு விதமாகப் படித்தன என்றால், விற்பனைப் பிரிவில் தொலைபேசியை எடுத்தவர் அதை எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சிப் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு எழுதுங்கள். நான்கு காப்புரிமை எண்களையும் சிப்பின் மாடல் எண்ணையும் குறிப்பிட்டு, உரிமம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தம் ரகசியம் என்று சொல்வார்கள்; உறுதிமொழிக் கடிதமாவது தர முடியும்.

அதே சமயம், நீங்கள் சிப் வாங்கிய ஒப்பந்தத்தை எடுத்து, இழப்பீட்டுப் பிரிவைப் படியுங்கள். மூன்றாம் தரப்பு வழக்குப் போட்டால் தாங்கள் பார்த்துக்கொள்வதாகப் பெரும்பாலான சிப் நிறுவனங்கள் எழுதிக்கொடுக்கின்றன. கீழே பொடி எழுத்தில் விலக்குகளும் இருக்கும். அவற்றில் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது ஒன்று: “எங்கள் சிப் வேறு பொருட்களோடு சேர்க்கப்படுவதால் எழும் கோரிக்கைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” சிப்பை வாங்கி எவரும் அலமாரியில் அழகுக்கு வைப்பதில்லை; எதனோடாவது சேர்க்கத்தான் வாங்குகிறார்கள். இந்த விலக்கு அப்படியே நின்றால் இழப்பீட்டு வாக்குறுதியில் மிஞ்சுவது சொற்பம். “மீறல் அந்தச் சேர்க்கையால் மட்டுமே எழுந்தால்” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘மட்டுமே’ இருந்தால் நிலைமை உங்களுக்குச் சாதகம். கோரிக்கை வந்ததை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இருக்கலாம். 30 நாள் கெடுவைவிட அந்தக் கெடு முக்கியம்.

இனி, அந்த நான்கு காப்புரிமைகள். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அவை எந்த நாடுகளில் பதிவானவை, அங்கே நீங்கள் தயாரிக்கிறீர்களா, விற்கிறீர்களா என்று பாருங்கள். ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே சாகும். இத்தகைய பட்டியல்களில் காலாவதியானவை கலந்திருப்பது அபூர்வமல்ல. அதன் பிறகு, காப்புரிமையின் கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களைப் பொறியாளரை வைத்துப் படியுங்கள். அவர்கள் கோருவது சிப்புக்குள் நடப்பதா, நீங்கள் வடிவமைத்த பலகையில், ஆன்டெனா அமைப்பில், மென்பொருளில் நடப்பதா? பின்னது என்றால் சிப் நிறுவனத்தின் உரிமம் உங்களைக் காக்காது. ‘விற்றதோடு உரிமை தீர்ந்தது’ என்று மேலே சொன்ன வாதமும் உதவாது. இந்த ஆய்வு வழக்கறிஞரின் வழிகாட்டுதலில் நடக்கட்டும். “இது நாம் செய்வது போலவே இருக்கிறதே” என்று பொறியாளர் ஒருவர் மின்னஞ்சலில் எழுதிவிட்டால், நாளை எதிர்த்தரப்பு அதை நீதிமன்றத்தில் உரக்க வாசிக்கும். தெரிந்தே மீறியதாகத் தீர்மானமானால் அமெரிக்காவில் நஷ்ட ஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். கடிதத்தைப் பேசாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரியவந்தால் பேச வேண்டியது ‘எத்தனை சதவீதம்’ என்பதற்கு முன், ‘எதில் சதவீதம்’ என்பது. ரூட்டரின் விலையில் பெட்டி, மின்வழங்கி, ஆன்டெனா, உங்கள் மென்பொருள், உங்கள் பெயர் எல்லாம் அடக்கம். மைக்ரோசாஃப்ட்–மோட்டோரோலா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வைஃபை தரநிலையை (எல்லாக் கருவிகளும் பின்பற்றும் பொதுத் தொழில்நுட்ப விதிகளை) சேர்ந்த தன் காப்புரிமைகளுக்கு, மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸின் விற்பனை விலையில் 2.25 சதவீதம் கேட்டது மோட்டோரோலா. 2013-இல் சியாட்டில் நீதிமன்றம் நிர்ணயித்தது ஒரு கருவிக்கு 3.471 சென்ட். பொருளின் விலை வெறும் 100 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, கேட்டது 225 சென்ட்; கிடைத்ததைப்போல ஏறத்தாழ 65 மடங்கு.

தரநிலையை உருவாக்கும் அமைப்பிடம் ‘நியாயமான, பாகுபாடற்ற விதிமுறைகளில் உரிமம் தருவேன்’ என்று மோட்டோரோலா வாக்குக் கொடுத்திருந்ததால்தான் அந்தக் கணக்கு எழுந்தது. உங்களுக்குக் கடிதம் எழுதியவரோ, அவருக்குக் காப்புரிமையை விற்றவரோ அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கைமாறியதால் அந்த வாக்கு மறைந்துவிடாது என்று வாதிட வலுவான இடம் உண்டு. வாக்கு இல்லையென்றால் பேரம் கடினம். தரநிலைக் குழுவில் உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் வெளியே சொல்லியிருப்பார் என்று நம்பிவிடவும் வேண்டாம். நினைவகத் தொழில்நுட்ப நிறுவனமான ராம்பஸ் 1990-களின் முதல் பாதியில் நினைவகத் தரநிலைக் குழுவில் உறுப்பினராக இருந்து, பின்னர் விலகி, நினைவகத் தயாரிப்பாளர்கள்மீது தொடுத்த வழக்குகள் பத்தாண்டுக்கு மேல் நீண்டன. தன் காப்புரிமை விவரங்களைக் குழுவிடம் மறைத்த அதன் நடத்தை தவறு என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2006-இல் முடிவு செய்தது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

காப்புரிமை செல்லாது என்று அதை வழங்கிய அலுவலகத்திலேயே எதிர்ப்பது இன்னொரு வழி. செலவு அதிகம்; அமெரிக்காவில் வழக்கு உங்கள் கைக்கு வந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். இதே கடிதம் பெற்ற வேறு நிறுவனங்கள் இருந்தால் செலவைப் பகிரலாம்.

கெடுவுக்குள் போக வேண்டிய பதில் அரைப் பக்கம் இருந்தால் போதும். கடிதம் கிடைத்தது, ஆராய்கிறோம் என்று சொல்லுங்கள். எந்த மாடலின் எந்தப் பகுதி எந்த உரிமைக்கோரலைத் தொடுகிறது என்று வரிக்கு வரி ஒப்பிட்ட அட்டவணையைக் கேளுங்கள். தற்போது யாருக்கெல்லாம் உரிமம் தந்திருக்கிறார்கள், அவர்களில் உங்கள் சிப் நிறுவனம் உண்டா என்றும் கேளுங்கள். எத்தனை ரூட்டர் விற்றீர்கள் என்ற கணக்கை அதில் எழுதாதீர்கள், அவர்கள் கேட்டிருந்தாலும்.