மேக்மா அறையை எவ்வளவு பெரிதாக வரைவது?

கடலடி முகட்டுக்குக் (கடலுக்கடியில் புவித்தட்டுகள் விலகும் இடத்து மலைத்தொடர்) கீழே பெரிய உருண்டையாக மேக்மா அறை, அதாவது உருகிய பாறை தேங்கும் இடம், வரைந்ததை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். கிழக்கு பசிபிக் முகட்டில் முழுக்க உருகிய பகுதி, கடல்தரைக்குச் சுமார் 1.5 கி.மீ. கீழே, சில பத்து மீட்டர் தடிமனே உள்ள மெல்லிய வில்லை. அதற்கடியில் இருப்பது படிகங்களும் உருகிய பாறையும் கலந்த கூழ். அழுத்தம் ஏறினால் மேலுள்ள பாறை பிளந்து, மீட்டர் கணக்கு அகல விரிசல் வழியே மேக்மா ஏறும். பல நேரம் கடல்தரையைத் தொடாமலே விரிசலுக்குள் சுவர்போல உறைந்துவிடும். அந்தச் செங்குத்துச் சுவர்களைக் கட்டாயம் வரையுங்கள், படத்தின் உயிரே அதுதான். அப்புறம், வடகிழக்கு பசிபிக் கடலடியில் உள்ள ஆக்சியல் எரிமலை 2015-ல் வெடித்தபோது, உள்ளிருந்த மேக்மா வெளியேறியதால் அதன் தரை 2 மீட்டருக்கு மேல் இறங்கியது. ஓரத்தில் குறிப்பாகப் போடலாம். நடு அட்லாண்டிக் முகட்டுக்கு இந்தப் படம் பொருந்தாது, அங்கே பல இடங்களில் வில்லையே கிடையாது.