பூசைப் புத்தகத்தில் ஒரு கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க மான்செஸ்டர் போயிருந்தேன். பக்கத்திலிருக்கும் லைம் மாளிகைக்குக் கூட்டிப்போனாள். அங்குள்ள நூலகத்தில் கத்தோலிக்கக் குருமார் பயன்படுத்திய ஒரு பழைய லத்தீன் பூசைப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 4,65,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்களாம். யாரும் வாசிக்காத புத்தகம், அதிலும் சில வரிகளை யாரோ கோடு போட்டு அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கா இவ்வளவு விலை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என்னைக் கேட்டால், அடித்த அந்த வரிகளுக்காகவே வாங்கலாம்.

நீங்கள் பார்த்தது 1487இல் அச்சானது. இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், பாரிஸில் ஓர் அச்சகத்தாரிடம் கொடுத்து அச்சிட்டார். குருவானவர் சொல்ல வேண்டியது கறுப்பிலும் செய்ய வேண்டியது சிவப்பிலும் வர வேண்டும். அந்த இரட்டை மை வேலையில் பாரிஸ்காரர்கள் கைதேர்ந்தவர்கள். இந்தப் பதிப்பில் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கும் பிரதி இது ஒன்றுதான்.

சரி, கோடுகளுக்கு வருகிறேன். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரிடமிருந்து பிரிந்து, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்றார். பூசையிலோ ஒவ்வொரு முறையும் போப்பாண்டவருக்காக வேண்டும் இடம் உண்டு. போப்பாண்டவர் என்ற அந்தச் சொல் போக வேண்டும் என்றது அரசு. 1538இல் தாமஸ் பெக்கெட்டின் பெயரையும் எல்லாப் புத்தகங்களிலிருந்தும் நீக்கச் சொல்லி ஆணை வந்தது. 1170இல் கான்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் அவர். தன் காலத்து அரசனை எதிர்த்து நின்ற ஒருவரைப் புனிதர் என்று ஜனங்கள் கும்பிடுவதை ஹென்றியால் பொறுக்க முடியவில்லை.

திருச்சபைக்குத் தலைவர் யார் என்பது இறையியலில் பெரிய வழக்கு. பல்கலைக்கழகங்களில் வாதாடினார்கள், அதற்காகத் தலை கொடுத்தவர்களும் உண்டு. அதே வழக்கு செஷயரில் இந்த லைம் மாளிகையில் வாழ்ந்த குடும்பத்தின் பூசைப் புத்தகத்துக்குள் வரும்போது, ஒரு சொல்லின் மேல் விழும் பேனாக் கோடாக வருகிறது. அச்சில் நீங்கள் வாசிப்பது 1487ஐ. கோட்டில் அதற்கு ஐம்பது வருஷம் பிந்திய பயத்தை வாசிக்கிறீர்கள். இதை எந்த வரலாற்று நூலும் இவ்வளவு கிட்டத்தில் காட்டாது.

மாளிகை 1946இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்துவிட்டது. புத்தகத்தை 2008இல்தான் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டுக்கே அது திரும்பியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்த முறை போகும்போது அங்குள்ள தொடுதிரையில் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். காக்ஸ்டனின் அச்சு முத்திரையையும் தேடுங்கள். அவர் அதை முதன்முதலில் பதித்தது இந்தப் புத்தகத்தில்தான்.