தாத்தாவின் தொப்பிக்கு ஷாம்பு போடலாமா?

கேள்வி: அம்மா வழித் தாத்தா தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய துரை கொடுத்தது என்று இரண்டு தொப்பிகளை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறக்கினோம். ஒன்று கரும்பச்சை, நீள நீளமான முடியோடு பளபளப்பாக இருக்கிறது. இன்னொன்று பழுப்பு, முடி குட்டை. பச்சைத் தொப்பியில் அங்கங்கே சொட்டை விழுந்திருக்கிறது, வாடையும் அடிக்கிறது. ஷாம்பு போட்டு அலசலாம் என்கிறாள் மனைவி. ‘கொடுங்க சார், ட்ரை வாஷ் பண்ணிப் புதுசாக்கிடலாம்’ என்கிறார் லாண்டரிக்காரர். இதற்கிடையில் ஆசைப்பட்டுக் காரைக்குடியில் ஒரு பழைய தொப்பியும் வாங்கிவிட்டேன். இன்னும் சேர்க்கலாமா? பேரன் வேறு பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பச்சைத் தொப்பியைக் கேட்டு அடம்பிடிக்கிறான். படங்கள் இணைத்துள்ளேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருநகர், மதுரை.

பதில்: முதலில் ஷாம்பு பாட்டிலை வீட்டம்மாவிடமிருந்து வாங்கி உள்ளே வையுங்கள். லாண்டரிக்காரருக்கும் ஒரு கும்பிடு. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தாத்தாவின் தொப்பிகள் இரண்டும் ஃபர் ஃபெல்ட். முயல், காட்டுமுயல், பீவர் போன்ற பிராணிகளின் அடிமுடியில் செய்வது. அந்த முடியை நெய்வதும் இல்லை, பின்னுவதும் இல்லை. ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் ஆவியும் கொடுத்து அழுத்தி உருட்டினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, பெரிய கூம்பாக இருந்தது சுருங்கி இறுகிக் கெட்டித் துணியாகிவிடும். சாதாரணத் தொப்பி என்றால் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்து முடித்துவிடுவார்கள். நீள்முடி வகையில் மட்டும் இழைகளைப் பிரஷ்ஷால் மேலே இழுத்து எழுப்பி, ஒரே பக்கமாகப் படியச் சீவி விடுவார்கள். உங்கள் பச்சைத் தொப்பியின் பளபளப்பு முழுக்க அந்தப் படிமானத்தில்தான் இருக்கிறது.

இப்போது ஷாம்பு விஷயத்துக்கு வாருங்கள். தண்ணீர், சூடு, கசக்கல் மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தொப்பியே உருவானது. பக்கெட்டில் போட்டு அதே மூன்றையும் மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அது சுருங்க ஆரம்பிக்கும். நீளமுடி சிக்குப் பிடித்துக் கட்டிகட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் தோல்பட்டை காய்ந்து விறைத்து, தொப்பியைக் கோணலாக இழுக்கும். பிறகு எவர் கையிலும் சரியாகாது.

வாடையையும் சொட்டையையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவசரம் சொட்டைக்குத்தான். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் மூலையில் பச்சை நிறத்தில் மணல் மாதிரி சிதறிக் கிடக்கிறதே, அது மணல் இல்லை, பூச்சியின் எச்சம். எந்த நிற முடியைத் தின்கிறதோ அந்த நிறத்திலேயே கழிக்கும். தொப்பியின் ஓரத்தில் ஆடு மேய்ந்த புல்தரை போலத் தெரிகிற வழித்தடங்களும் அதன் வேலையே. பறக்கும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழு தின்னும். அதுவும் இருட்டில், ஆள் தொடாத இடத்தில், வியர்வையும் அழுக்கும் படிந்த பகுதியாகப் பார்த்து. நம் வீட்டுச் சுவர்களில் அரை அங்குல நீளத்துக்குத் தட்டையாகச் சாம்பல் நிறக் கூடு தொங்குமே, துடைப்பத்தால் தட்டிவிடுவோமே, அதற்குள் இருக்கும் புழுவுக்கும் ஒட்டடையோடு முடியும் கம்பளியும் சாப்பாடுதான்.

அதனால் முதல் வேலை, மூன்று தொப்பிகளையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி, தனித்தனிப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டுங்கள். அதற்கு மேல் இன்னொரு பை. இரண்டு ஃபெல்ட் தொப்பிகளையும் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழான குளிரிலோ இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் சாகும். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் செய்கிற முறை இது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் தொப்பியும் நுழையாது, அந்தக் குளிரும் வராது. யாராவது சொந்தக்காரர் வீட்டில் டீப் ஃப்ரீசர் இருந்தால் கேளுங்கள். ஜிகர்தண்டா கடைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், விரட்டி விடுவார்கள். நடுவில் நெடுநேரம் கரண்ட் போய்க் குளிர் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் தொப்பியின் மேல் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும்.

பாச்சை உருண்டை போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எனக்குப் பிடிக்காது. மூடிய டப்பாவில் ஆவி அடர்த்தியாக நின்றால் ஒழிய அதனால் பயன் இல்லை. அந்த வாடை ஃபெல்ட்டை விட்டுப் போகவும் போகாது. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கக்கூடியது. வேப்பிலை, வசம்பு போடுவது பாட்டி காலத்து வழக்கம். மனத்திருப்திக்குத் துணிமுடிப்பாக ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புழுவை அதன் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு முறை திறந்து, திருப்பி, வெளிச்சத்தில் பார்ப்பதுதான் பெரிய காவல்.

அடுத்து ஒரு எச்சரிக்கை. பழைய ஃபர் தொப்பிகளில் பாதரசம் இருக்கலாம். முடி சுலபமாக இறுகுவதற்காகத் தோலிலிருந்து வெட்டுமுன் அதன்மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அந்த ஆவியிலேயே வேலை பார்த்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் சித்தக் கலக்கமும் வந்தன. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரத்தின் பெயரிலேயே அந்த நடுக்கம் அழைக்கப்பட்டது. 1941இல்தான் அந்த நாட்டில் இந்த முறைக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய தொப்பி என்றால் பாதரசம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. பயந்து தூக்கி எறிய வேண்டாம். மாஸ்க்கும் கையுறையும் போட்டு, மொட்டைமாடியிலோ திண்ணையிலோ வைத்துத் தூசு தட்டுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூக்கருகே வைத்து மோந்து பார்க்காதீர்கள்.

தூசு தட்ட என்ன பிரஷ்? கடையில் ‘தொப்பி பிரஷ்’ என்று தேடி அலைய வேண்டாம். புதிதாக ஒரு ஷேவிங் பிரஷ் வாங்குங்கள், மென்மையாக இருக்கும். பச்சைத் தொப்பிக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. ஒன்றின் தூசும் முடியும் மற்றதில் ஏறக்கூடாது. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே மெதுவாக நீவுங்கள். சீப்பு கூடவே கூடாது. அந்த முடிக்குத் தோலில் வேர் கிடையாது, சக முடிகளின் பிடியில் மட்டுமே நிற்கிறது. சீப்பால் இழுத்தால் கையோடு வந்துவிடும். போன முடி போனதுதான், மறுபடி வைக்க வழியில்லை. சொட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள முடியைச் சற்றே அதன் மேல் படிய நீவி விட்டுப் பேசாமல் இருந்துவிடுங்கள். எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நசுங்கிப் படுத்துவிட்ட முடியை எழுப்ப மட்டும் ஆவி காட்டலாம். கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிப்பக்கம் மட்டும், தொப்பியை நகர்த்திக்கொண்டே சில நொடிகள்; உடனே பிரஷ். உள் தோல்பட்டையில் ஆவி படக்கூடாது, சுருங்கும். பாதரசக் கதையை நினைவில் வைத்து இதையும் காற்றோட்டமான வெளியிடத்தில், அதுவும் எப்போதாவதுதான் செய்ய வேண்டும்.

உங்கள் மூன்றாவது படத்தில் ரிப்பனுக்குக் கீழே கறுத்த திட்டு ஒன்று தெரிகிறது. தலையெண்ணெய் என்றுதான் நினைக்கிறேன். துரை எண்ணெய் வைத்திருக்க மாட்டார். தாத்தா ஆசைக்கு அவ்வப்போது போட்டுப் பார்த்திருப்பார் போல. அதை அப்படியே விடுங்கள். பெட்ரோல், தின்னர், முல்தானி மிட்டி எதுவும் வேண்டாம். வழவழப்பான ஃபெல்ட்டில் மாவு தூவி எண்ணெயை உறிஞ்ச வைக்கலாம். நீளமுடிக்குள் மாவு இறங்கினால் எடுக்கவே முடியாது. தோல்பட்டைக்குத் தேங்காய் எண்ணெயோ பாலிஷோ தடவாதீர்கள். செம்பழுப்பாகத் தூள் உதிர்கிறது என்றால் தோல் சாகத் தொடங்கிவிட்டது. ஒரு டிஷ்யூ தாளை இடையில் வைத்து, தொடாமல் இருப்பதே வைத்தியம். வாடைக்கும் காற்றாட நிழலில் சில நாள் வைப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது. வெயிலில் காய வைத்தால் பச்சை வெளுக்கும்.

வைக்கும் முறை பற்றி. சாதாரணத் தொப்பியைக் கவிழ்த்து உச்சி கீழே இருக்கும்படி வைக்கச் சொல்வார்கள். நீள்முடித் தொப்பிக்கு அது ஆகாது, உச்சி முடி நசுங்கும். ஓரத்தில் நிற்க வைத்தால் ஓரம் வளையும். அகலமான எவர்சில்வர் டப்பாவில் பழைய வெள்ளை வேட்டியைத் தலை அளவுக்குச் சுற்றி, அதன் மேல் ஓரம் எங்கும் படாமல் உட்கார வையுங்கள். மேலே உயரமான அட்டைப் பெட்டி. எடுக்கும்போது உச்சியின் மடிப்பைக் கிள்ளித் தூக்காதீர்கள், அங்கேதான் முதலில் வெடிக்கும். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடியுங்கள். மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். சித்திரை வைகாசியில் நம் கான்கிரீட் கூரைக்கடியில் அடிக்கும் சூட்டில் தோல் சுருண்டுவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், பூஞ்சை வராது.

சரி, இந்தப் பச்சைத் தொப்பி யார், எந்த ஊர்? உள்பட்டையில் ‘ஹூக்கல்’ என்றும் கீழே ‘மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா’ என்றும் படிக்க முடிகிறது. மொராவியாவில் ஜெர்மன்காரர்கள் நியூட்டிட்ஷைன் என்றும் செக்காரர்கள் நோவி யிச்சீன் என்றும் சொன்ன ஊரில், 1799இல் தொடங்கிய தொப்பிக் குடும்பம் அது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918இல்தான் பிறந்தது. 1938இல் அந்தப் பகுதியை ஹிட்லரின் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் தொழிற்சாலை அரசுடைமையாகி, ஹூக்கல் பெயர் போய்விட்டது. ஆக, இந்தத் தொப்பி பெரும்பாலும் 1918க்கும் 1938க்கும் நடுவில் செய்தது. மலைக்குளிருக்கு யாரோ வாங்கி வந்திருக்கிறார்கள். பழுப்புத் தொப்பியில் முத்திரை தேய்ந்திருக்கிறது; ஊகிக்க வேண்டாம்.

காரைக்குடித் தொப்பியைப் பற்றி வருத்தமான செய்தி: அது ஃபெல்ட் இல்லை, சோலா தொப்பி. தஞ்சாவூரில் கோயில் கோபுர பொம்மை செய்வார்களே, அதே நெட்டியில் செய்து மேலே காக்கித் துணி போர்த்தியது. சமவெளி வெயிலுக்கானது. அழகான பொருள்தான், ஃபர் விலை கொடுத்திருந்தால் மட்டும் ஏமாந்திருக்கிறீர்கள். ஈரம் படாமலும் மேலே எதுவும் விழாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னும் சேர்க்கலாமா என்றால், இரண்டு வாரக் குளிரில் வைக்க இடம் இருக்கிறவரை சேர்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ நம் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்துச் சொட்டை இருக்கிறதா பாருங்கள். தோல்பட்டையை வெளியே மடித்து உள்ளே கூடு, எச்சம் இருக்கிறதா பாருங்கள். விரலால் தடவும்போது சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் ஆட்டுக் கம்பளி; நழுவி மினுங்கினால் ஃபர். அமெரிக்கத் தொப்பிகளில் தரத்துக்காகப் போட்ட ‘எக்ஸ்’ குறிகளை எண்ணி விலை சொல்வார்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவும் அப்படித்தான்: 57 சென்டிமீட்டர் தலைக்கு அமெரிக்கத் தொப்பியில் ஏழே அரைக்கால் என்றிருக்கும், இங்கிலாந்துத் தொப்பியில் வெறும் ஏழு. கையில் ஒரு இஞ்ச் டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்குக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். தொப்பி பாழாவது இரண்டாம் பட்சம். பாதரசம் இருக்கலாம் என்கிற பொருளைக் குழந்தை தலையில் வைக்கக்கூடாது. அழகர் வேடத்துக்கு உடை தைக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். படத்தைக் காட்டினால் அட்டையிலும் வெல்வெட்டிலும் பச்சையாக ஒன்று செய்து கொடுப்பார்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சொல்லிவிடுங்கள்.