முதன்முறையாக வீட்டுப் புல்தரைக்கு ஏரேஷன் செய்யப் போகிறேன்; எதைக் கவனிக்க வேண்டும்?

நியூ ஜெர்சியில் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் புல்தரை திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டதாகவும், பக்கத்து வீட்டார் ஏரேஷன் (காற்றும் நீரும் இறங்க மண்ணில் சிறு துளைகள் இடுவது) செய்யச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மத்திய நியூ ஜெர்சியில் நானும் இதே நிலையில் இருந்தவன் என்பதால் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் மண் உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றைத் தரையில் அழுத்தினால், அது தடையின்றி ஐந்தாறு அங்குலம் இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் துளையிடுவது அவசியம், எளிதாக இறங்கினால் உங்கள் பிரச்சினை வேறு. புது வீடுகளில் பெரும்பாலும் மண் இறுகித்தான் இருக்கும். ஏனெனில் கட்டுமானத்தின்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக இயந்திரங்களை அடிமண்ணின் மேல் மாதக்கணக்கில் ஓட்டியபின், மெல்லிய மண் படலம் ஒன்றைப் பரப்பி அதன்மேல் புல்லை விரித்துவிடுகிறார்கள். இப்பகுதியில் பல இடங்களில் உள்ள சிவந்த களிமண் அவ்வாறு அமுங்கிவிட்டால், வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை, நீரும் உள்ளே இறங்காமல் தெருவுக்கு வழிந்துவிடுகிறது.

அடுத்தது பதம். இதைத்தான் நான் முதலில் கோட்டைவிட்டேன். மூன்று வாரம் மழையே இல்லாத ஒரு செப்டம்பரில் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தேன். காய்ந்த தரையில் அது குதித்துக் குதித்து ஓடியதே தவிர, துளைகள் ஓர் அங்குல ஆழத்தைக்கூட எட்டவில்லை. ஊரில் மானாவாரி நிலத்தை உழுவதற்கு முன் என் தந்தை ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதமே இங்கும் வேண்டும் என்பது எனக்கு மறு ஆண்டுதான் உறைத்தது. ஆகவே முந்தைய நாள் ஸ்பிரிங்ளர் அருகே ஒரு காலி டப்பாவை வைத்து, அதில் ஓர் அங்குலம் நிறையும் வரை நீர் பாய்ச்சுங்கள். சேறாக இருக்கும்போது மட்டும் இறங்காதீர்கள். களிமண் இயந்திரத்தின் துளையிடும் குழல்களில் அடைத்துக்கொள்ளும், தரையும் மேலும் அமுங்கும்.

இங்குள்ள கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற புல்வகைகள் குளிர்ந்த பருவத்தில் செழிப்பவை. அவற்றுக்கு ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை உகந்த காலம். கடும் கோடையில் செய்தால் ஏற்கெனவே வாடியிருக்கும் புல் தாங்காது.

மண்ணை உருளை உருளையாக வெளியே எடுக்கும் குழல் வகை இயந்திரத்தையே கேட்டு வாங்குங்கள். ஆணி பதித்த செருப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மண்ணை வெளியே எடுப்பதில்லை, துளையைச் சுற்றி நெருக்கிவிடுகின்றன. இந்த இயந்திரம் நூறு கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால் வண்டியிலிருந்து இறக்க இன்னொருவர் துணை வேண்டும். தொடங்கும் முன் ஸ்பிரிங்ளர் தலைகளையும், ஆழமின்றிப் புதைத்த கம்பிகளையும் சிறு கொடிகளால் அடையாளமிடுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை என ஓட்டினால் இரண்டு முதல் மூன்று அங்குல ஆழத் துளைகள் நெருக்கமாக விழும். வெளியே கிடக்கும் மண் உருளைகளை அள்ளிவிட வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் அவை தாமாகவே கரைந்து தரையோடு சேர்ந்துவிடும்.

அன்றே விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கு மிகாமல் கம்போஸ்ட் பரப்புங்கள். ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸுக்கு மூன்று வாரம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மேல்மண் காயாமல் தினமும் இலேசாக நனைக்க வேண்டும். உரத்தைப் பொறுத்தவரை, நியூ ஜெர்சியின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர்கள் நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை புல்தரைக்கு உரமிடக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு மண் மாதிரியை அனுப்பி, முடிவைப் பார்த்தபின் உரம் வாங்குவது நல்லது.

பதம் பார்த்துச் செய்த அந்த ஆண்டுக்குப் பின் வந்த வசந்தத்தில், என் முன்புறத் தரையில் ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. கார் ஏறித் திரும்பும் ஓரப் பட்டை மட்டும் இன்னும் இறுகுகிறது. அங்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் துளையிடுகிறேன், மற்ற இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை.