கரும்புக் காட்டுத் தீயும் விண்மீன் கொத்துகளும்

டர்பனில் இந்த வாரம் முழுக்க மேகம். தொலைநோக்கியைத் திறக்கவே இல்லை. சுற்றுவட்டார வாசகர்களிடமிருந்து சேர்ந்திருந்த கேள்விகளுக்காவது பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ரெண்டு விண்மீன் மண்டலங்கள் மோதினால் நட்சத்திரங்கள் இடித்துக்கொள்ளுமா, அண்ணா? (சாட்ஸ்வொர்த்)

இல்லை தம்பி, நடுவில் அவ்வளவு இடம் கிடக்கிறது. இடித்துக்கொள்வது வாயுதான். அது நெருக்குண்டு, சில ஒளியாண்டு அகலத்துக்குள் லட்சம் சூரியன்களின் எடையுள்ள நட்சத்திரக் கொத்துகள்கூடப் பிறக்கின்றன. நம் அஸ்த நட்சத்திரம் இருக்கும் காகம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம், சுமார் 7 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஆண்டெனா என்ற இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் அங்கே ஆயிரத்துக்கு மேல் கொத்துகள்.

பிறந்த இடத்து வாயுவையே கொத்து ஏன் விரட்டுகிறது? (வெருலம்)

அக்கா, உங்கள் ஊரில் அறுவடைக்கு முன் கரும்புக் காட்டைக் கொளுத்துவார்களே, அதை நினையுங்கள். ஒரு தோகை எரிந்தால் புகை அங்கேயே அடங்கிவிடும். காடே எரிந்தால் சூடு மேலே தூக்கி, கரித்தூள் உங்கள் வீட்டுக் கொடித்துணியில் வந்து விழும். கொத்திலும் அப்படித்தான். பெரிய நட்சத்திரங்கள் பிறந்ததுமே நொடிக்கு 2000 கிலோமீட்டர் வேகத்தில்கூடக் காற்று வீசுகின்றன. அவற்றின் ஒளி தூசியைத் தள்ளுகிறது. முப்பது, நாற்பது லட்சம் ஆண்டுகளில் சூப்பர்நோவாக்கள், அதாவது பெரிய நட்சத்திரங்களின் சாவு வெடிப்புகள், தொடங்கி, சுமார் 4 கோடி ஆண்டுவரை ஒன்று மாற்றி ஒன்று வெடிக்கும். தனியாக வெடித்தால் அது ஊதும் சூடான வாயுக் குமிழி ஆறி அடங்கும். கொத்தில் அது ஆறுவதற்குள் பக்கத்தில் அடுத்தது வெடிக்க, குமிழிகள் ஒன்றாகிவிடும். அப்புறம் அந்தச் சூடான வாயு, மேலோ கீழோ எங்கே தடை மெலிவோ அங்கே பிய்த்துக்கொண்டு போகும்.

போனது திரும்புமா? (பீனிக்ஸ்)

குளிர்ந்த வாயுவில் பெரும்பகுதி திரும்பி விழும். மிகச் சூடானது தப்பிவிடலாம்.

இதெல்லாம் கருந்துளையின் வேலை இல்லையா? (டோங்காட்)

மோதலில் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையும் விழித்துக்கொள்ளும், மறுக்கவில்லை. வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் என்றால் கொத்துகளே போதும் என்பேன். ஆயிரத்தைத் தாண்டினால்தான் எனக்குக் கருந்துளை மேல் சந்தேகம் வரும்.

நாம் இங்கிருந்து எதைப் பார்க்கலாம்? (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

இப்படி வாயுவை வெளியே வீசுவதற்குப் புத்தகமெல்லாம் காட்டும் எம்82 என்ற விண்மீன் மண்டலம் வானில் வடக்கே வெகுதூரம். நமக்கு உதிப்பதே இல்லை. ஆனால் வடக்கத்தியருக்குக் கிடைக்காத பெரிய மாகெல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலம் நமக்கு இருக்கிறது. தை மாத இரவில் நகர வெளிச்சத்தை விட்டு விலகி, பைனாகுலரை அதன் ஓரத்தில் பளிச்சென்று தெரியும் வாயுத் திட்டின் மேல் வையுங்கள். அதற்குள் ஆர்136 என்ற இளங்கொத்து, 1.6 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், தன்னைச் சுற்றியுள்ள வாயுவைக் குடைந்துகொண்டிருக்கிறது.